மெலிவு தேடிய மருந்துகளும் உதிர்ந்த கூந்தலும்

உடல் மெலிய வேண்டும் என்னும் விருப்பம் மனித இனத்திற்குப் புதிதன்று. ஆனால் ஒரு குளிகையையோ ஓர் ஊசியையோ கொண்டு அவ்விருப்பத்தை நிறைவேற்றிக் கொள்ளலாம் என்னும் நம்பிக்கைக்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு வரலாறே உண்டு. அவ்வரலாற்றை மருத்துவ நூலோர் இதயத்தின் வழியாக எழுதியுள்ளனர். கண்ணின் வழியாகவும் ஈரலின் வழியாகவும் எழுதியுள்ளனர். உயிரோடு தொடர்புடைய உறுப்புகளாதலின் அது முறையே ஆகும். தலைமுடியின் வழியாக அதனை நோக்கியவர் மிகச் சிலர். முடி உதிர்வதனால் எவரும் இறப்பதில்லை என்பதே அதற்குக் காரணம் போலும்.

எனினும், ஐந்து வகையாகப் பகுத்து முடிக்கப்படுவது என்னும் பொருளில் கூந்தலுக்கு ‘ஐம்பால்’ என்றே பெயர் சூட்டிய மொழியைப் பேசுவோருக்கு இஃது அற்பச் செய்தியாகத் தோன்றாது. சீப்பில் கொத்தாக வரும் முடியைக் கண்டு கலங்கி, “நான் உட்கொண்ட மருந்துதான் இதற்குக் காரணமா?” என்று கேட்ட பெண்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் இருந்துள்ளனர். அக்கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று. விடை தாமதமானதற்கு மருத்துவரின் அலட்சியம் ஒரு காரணம். முடியின் இயல்பே மற்றொரு காரணம்.

19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடற்பாசிச் சாற்றைப் புட்டியில் அடைத்துக் ‘கொழுப்பைக் கரைக்கும் மருந்து’ என்று விற்ற வணிகர் இருந்தனர். அவற்றை விட்டு உண்மையிலேயே உடலில் வினைபுரிந்த முதல் மருந்தை நோக்கின், அது கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பியிலிருந்து எடுக்கப்பட்டதாகும். 1891 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் மர்ரே என்னும் இளம் மருத்துவர், 46 அகவையுடைய ஒரு பெண்மணிக்கு ஆட்டின் தைராய்டுச் சுரப்பியிலிருந்து வடித்த சாற்றை ஊசி வழியாகச் செலுத்தினார். அப்பெண்மணிக்கு மிக்சடீமா என்னும் நோய். சுரப்பி செயலற்றுப் போவதனால் முகம் ஊதி, தோல் வறண்டு, எண்ணமும் பேச்சும் மந்தமாகி, தலைமுடியும் உதிர்ந்து போகும் நோய் அது. அதுவரை அதற்கு மருத்துவம் இல்லை. மர்ரேயின் மருந்தால் அந்நோயாளி நலம் பெற்று மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். அத்தனை ஆண்டுகளிலும் அவருக்குத் தேவைப்பட்ட சாறு 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகளிலிருந்து எடுக்கப்பட்டது என்று மர்ரே பின்னாளில் கணக்கெழுதி வைத்தார்.

இம்மருத்துவம் பெற்ற நோயாளிகளிடம் இரண்டு மாறுதல்கள் கண்கூடாகத் தெரிந்தன. உடலின் வீக்கம் வடிந்து எடை குறைந்தது; உதிர்ந்த முடி மீண்டும் வளர்ந்தது. முதல் மாறுதலை மட்டும் பிடித்துக் கொண்டவர் பலர். நோயுற்றவரின் எடையைக் குறைக்கும் மருந்து, நோயற்ற பருமனானவரின் எடையையும் குறைக்கும் அன்றோ என்று எண்ணினர். 1890களின் இடைப்பகுதிக்குள்ளாகவே ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் மருத்துவர்கள் பருத்த உடலினருக்கு இச்சுரப்பித் தூளைக் கொடுக்கத் தொடங்கிவிட்டனர். எடை குறையத்தான் செய்தது. ஆனால் சுரப்பி நன்றாக இயங்குபவருக்கு மேலும் அச்சுரப்பைக் கொடுத்தால் இதயம் படபடக்கும், கை நடுங்கும், கொழுப்போடு தசையும் கரையும், தலைமுடி மென்மையாகி மெலிந்து உதிரும். ஒருவருக்கு இழந்த முடியை மீட்டுக் கொடுத்த மருந்தே மற்றொருவருக்கு இருந்த முடியைப் பறித்தது. குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு என்னும் இவ்வுண்மை ஏட்டில் எழுதப்பட்டிருந்தும் கடைத்தெருவை எட்டவில்லை.

அமெரிக்காவில் ‘மார்மோலா’ என்னும் பெயரில் தைராய்டுச் சத்து அடங்கிய மெலிவுக் குளிகை 1907 முதல் பல ஆண்டுகள் விளம்பரத்தின் வலிமையால் விற்பனையாயிற்று. அதன் விளம்பரம் மக்களை ஏமாற்றுகிறது என்று அரசின் வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1931 இல் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இன்று படிப்பவரைத் திகைக்க வைக்கும். விளம்பரத்தால் போட்டி வணிகர் பாதிக்கப்பட்டதாக மெய்ப்பிக்கப்படவில்லையாதலின் ஆணையத்திற்குத் தலையிட அதிகாரம் இல்லை என்பதே அத்தீர்ப்பின் சாரம். வாங்கி உண்டவர் பாதிக்கப்பட்டது அன்றைய சட்டத்தின் கண்ணுக்குப் போதவில்லை!

இதனினும் கொடியது அடுத்து வந்தது. முதல் உலகப் போரின்போது பிரான்சு நாட்டு வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் டைநைட்ரோபீனால் என்னும் மஞ்சள் நிறப் பொருளைக் கையாண்ட தொழிலாளர் அளவு கடந்து வியர்த்தனர், காய்ச்சல் கண்டனர், உடல் மெலிந்தனர், சிலர் மாண்டனர். 1933 இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கட்டிங், டெயின்டர் முதலியோர் இப்பொருள் மனிதரின் எடையைக் குறைக்கவல்லது என்று மருத்துவ இதழில் எழுதினர். உணவிலிருந்து உடல் பெறும் ஆற்றலை வேலைக்குப் பயன்படாமல் வெறும் வெப்பமாக வீணாக்குவதே அதன் செயல். ஓராண்டு கழிந்ததும் அமெரிக்காவில் அதனை உட்கொண்டவர் தொகை ஓர் இலட்சமாவது இருக்கும் என்று டெயின்டரே மதிப்பிட்டார். மருத்துவர் சீட்டின்றியே அது கிடைத்தது. 1935 முதல் இளம் பெண்களின் கண்களில் புரை படரத் தொடங்கியது. முதியோர்க்கு வரும் நோய் முப்பது வயதினருக்கு வந்தது. சிலர் உடல் வெப்பம் தாங்காமல் உயிர் நீத்தனர்.

அரசு ஏன் தடுக்கவில்லை என்று மாணவர் கேட்கலாம். 1906 ஆம் ஆண்டின் சட்டம் நோயைத் தீர்க்கும் பொருளையே ‘மருந்து’ என்று வரையறுத்திருந்தது. உடற்பருமன் அன்று நோயாகக் கருதப்படவில்லை. ஆகவே, பருமனைக் குறைக்கும் பொருள் சட்டப்படி மருந்தே ஆகாது! ஒரு சொல்லின் வரையறை எத்தனை கண்களின் ஒளியைப் பறித்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. இலக்கணம் கற்பிப்போர் இதனை மாணவர்க்கு எடுத்துரைக்கலாம். உடலின் அமைப்பையோ செயலையோ மாற்றும் பொருளும் மருந்தே என்று 1938 இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் வரையறையை விரித்தது. அவ்வாண்டே டைநைட்ரோபீனால் மனிதர் உண்ணத் தகாதது என்று அறிவிக்கப்பட்டது. ஆனால் அது மறைந்துவிடவில்லை. இணையவழி விற்பனையால் உயிரிழப்புகள் தொடரவே, பிரிட்டன் 2023 அக்டோபரில் அதனைக் கட்டுப்படுத்தப்பட்ட நஞ்சுகளின் பட்டியலில் சேர்த்தது.

இக்காலத்தில்தான், மெலிவு மருந்துகளோடு சற்றும் தொடர்பில்லாத வேறோரிடத்தில் தலைமுடி பேசத் தொடங்கியது. ஆப்பிரிக்காவின் தங்கக் கடற்கரையில் பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர், தாய்ப்பால் மறந்து சோளக்கஞ்சியை மட்டுமே உண்ட குழந்தைகளிடம் ஒரு நோயைக் கண்டு 1933 இல் எழுதினார். 1935 இல் அதற்குக் ‘குவாஷியார்க்கர்’ என்னும் அந்நாட்டுப் பெயரையே வழங்கினார். புரதக் குறைவோடு பிணைந்த அந்நோயில் கால் வீங்கும், தோல் உரியும், கருமையான முடி செம்பட்டையாகி, இழுத்தால் வலியின்றிக் கையோடு வந்துவிடும். உணவு தேறிய காலத்தில் வளர்ந்த முடி கருமையாகவும் தேறாத காலத்தில் வளர்ந்த முடி வெளிறியும் இருக்குமாதலின், ஒரே மயிரிழையில் பட்டை பட்டையாகக் குழந்தையின் பசி வரலாறு எழுதப்பட்டிருக்கும். பிற்கால மருத்துவர் இதனைக் ‘கொடி அடையாளம்’ என்று அழைத்தனர். இதே சிசிலி வில்லியம்ஸ் 1936 இல் மலாயாவிற்கு மாற்றப்பட்டு வந்தார் என்பதும், தாய்ப்பாலுக்கு மாற்றாக இனிப்பூட்டிய டின் பாலைக் கொடுப்பது கொலைக்கு ஒப்பாகும் என்று 1939 இல் சிங்கப்பூரில் துணிந்து முழங்கினார் என்பதும், ஜப்பானியர் காலத்தில் சாங்கிச் சிறையில் வாடினார் என்பதும் நம் நாட்டு ஆசிரியர்கள் அறிந்து போற்றத்தக்க செய்திகள். அவர் ஆய்ந்தது பசியால் மெலிந்த குழந்தைகளை. மெலிய விரும்பிய சீமாட்டிகளை அன்று. ஆயினும் முடியின் வேருக்கு இவ்விரு திறத்தாரிடையே வேறுபாடு தெரியாது.

இதற்குப் பின்னர் வந்த சான்று மேலும் தெளிவானது. 1944 நவம்பர் தொடங்கி அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர், போரில் ஆயுதம் ஏந்த மறுத்து முன்வந்த 36 இளைஞரை அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். போரால் பசித்துக் கிடந்த ஐரோப்பிய மக்களுக்கு எவ்வாறு உணவளித்துத் தேற்றுவது என்பதை அறிதலே நோக்கம். 24 வாரங்களில் அவ்விளைஞர்கள் தம் எடையில் ஏறத்தாழக் கால் பங்கை இழந்தனர். தோல் வறண்டது, உள்ளம் சோர்ந்தது, முடி மெலிந்து உதிர்ந்தது. அவர்கள் எம்மருந்தும் உட்கொள்ளவில்லை என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

எடை இழப்பும் முடி இழப்பும் உடன்பிறந்தவை என்பது இவற்றால் விளங்குகிறது. ஆயின், நெடுங்காலம் இவ்வுறவு மறைந்து கிடந்தது ஏன்? 1961 இல் ஆல்பர்ட் கிளிக்மன் என்னும் அமெரிக்கத் தோல் மருத்துவர் எழுதிய கட்டுரையே அதற்கு விடை தந்தது. (சிறைக் கைதிகளின் தோலில் இவர் நடத்திய சோதனைகள் பிற்காலத்தில் கடுங்கண்டனத்திற்கு ஆளாயின. அறிவியல் வரலாற்றில் புகழும் பழியும் ஒருவரிடத்தே குடிகொள்வதும் உண்டு.) விலங்குகளின் மயிர் வளர்தல், தளர்தல், ஓய்தல் என மூன்று நிலைகளில் சுழல்கிறது என்பது 1926 இல் டிரை என்பார் எலிகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரையால் முன்பே அறியப்பட்டிருந்தது. மனிதர் தலையில் ஒவ்வொரு மயிரும் இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வளர்ந்து, இரண்டு மூன்று வாரம் தளர்ந்து, பின்னர் ஏறத்தாழ மூன்று திங்கள் ஓய்ந்திருந்து விழுகிறது.

கணக்காகச் சொன்னால் இது மேலும் விளங்கும். தலையில் ஓர் இலட்சம் மயிர் உண்டு என்று கொள்வோம். அவற்றில் பத்தில் ஒரு பங்கு, அதாவது பத்தாயிரம், ஓய்வு நிலையில் இருக்கும். ஓய்வுக் காலம் நூறு நாள் என்றால் நாளொன்றுக்கு நூறு மயிர் விழும். இஃது இயல்பு, எவரும் கவனிப்பதில்லை. கடுங்காய்ச்சல், மகப்பேறு, குருதி இழப்பு, பட்டினி போன்ற ஓர் அதிர்ச்சி உடலைத் தாக்கும்போது வளர்ந்து கொண்டிருந்த மயிரில் பெரும்பகுதி உரிய காலத்திற்கு முன்னரே ஓய்வுக்குச் சென்றுவிடுகிறது. ஓய்ந்த மயிரின் தொகை முப்பதாயிரம் ஆயின் நாளொன்றுக்கு முந்நூறு விழும். ஆனால் உடனே விழாது! மூன்று திங்கள் வேரில் தங்கியிருந்து, பின்னரே விழும். இதனைக் கிளிக்மன் ‘டெலோஜென் எஃப்ளூவியம்’ என்றார். ஓய்வுநிலை முடியுதிர்வு எனத் தமிழில் கூறலாம்.

பிள்ளை பெற்ற தாய்க்கு மூன்றாம் திங்களில் முடி கொட்டும் என்பதை நம் பாட்டிமார் நூல் படிக்காமலே அறிந்திருந்தனர். குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கும்போது தாயின் முடி கொட்டும் என்று அவர்கள் காலத்தையும் குறித்து வைத்தனர். மெலிவு மருந்து உண்டவருக்கு அத்தகைய நாட்குறிப்பு இல்லை. மருந்தைத் தொடங்கிய நாளில் முடிக்கு ஒன்றும் நேரவில்லை. இரண்டாம் திங்களில் எடை குறைந்து மகிழ்ச்சி பொங்கியது. மருந்தை நிறுத்திவிட்ட பின்னர்க்கூட முடி விழத் தொடங்கியிருக்கலாம். அப்போது சோப்பையும் தண்ணீரையும் தலைக்குத் தேய்த்த எண்ணெயையும் குறை கூறினர். மருத்துவரும் அவ்வாறே கூறினர். காரணத்திற்கும் விளைவிற்கும் இடையே கிடந்த அந்த நூறு நாள் இடைவெளியில் மெய் புதைந்து போயிற்று.

1976 இல் கோயட்டி, ஓடம் என்னும் இரு மருத்துவர் கடும் உணவுக் கட்டுப்பாட்டினால் விரைந்து மெலிந்த ஒன்பது பேரைப் பற்றி அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் எழுதினர். மெலிவு முயற்சி தொடங்கிய இரண்டு முதல் ஐந்து திங்களில் அவர்கள் அனைவருக்கும் முடி மிகுதியாக உதிர்ந்திருந்தது. மருந்தின்றியே மெலிந்தவர்க்கும் இது நேரும் என்பதை அச்சிறு கட்டுரை நிலைநாட்டியது. அதே காலத்தில் அங்கு விற்பனையில் சிறந்திருந்த திரவப் புரத உணவு முறையைப் பின்பற்றியோரில் பலர் திடீரென இதயம் நின்று இறந்த செய்தி பரவவே, மருத்துவ உலகம் முழுவதும் அதன் பின்னே சென்றது. முடியைப் பற்றிய பேச்சு மீண்டும் அமுங்கிப் போயிற்று.

மருந்துகளின் அணிவகுப்போ நிற்கவில்லை. 1930களின் இறுதியில் பசியைக் கொல்லும் ஆம்பெட்டமின் வந்தது. அதனோடு தைராய்டுத் தூள், இதய மருந்து, சிறுநீர் பெருக்கி ஆகியவற்றைப் பல வண்ணக் குளிகைகளாக்கி ‘வானவில் மாத்திரை’ என்று வழங்கிய மருத்துவர்கள் அமெரிக்காவில் செழித்தனர். உயிரிழப்புகளுக்குப் பின்னர் 1968 இல் அந்நாட்டு மேலவை அதனை விசாரித்தது. ஐரோப்பாவில் 1965 இல் வந்த அமினோரெக்ஸ் நுரையீரல் நாளங்களைக் கெடுத்து மறைந்தது. ஃபென்ஃபுளூரமின் இதயத்தின் அடைப்பிதழ்களைக் கெடுத்ததனால் 1997 இல் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டது. ஐந்தாண்டு சென்று அதன் வழித்தோன்றலான ஒரு வேதிப்பொருள் சிங்கப்பூருக்கே வந்து சேர்ந்தது. 2002 இல் அங்கு விற்ற ‘ஸ்லிம் 10’ என்னும் குளிகையால் ஒரு பெண் ஈரல் பழுதுற்று இறந்தார். மற்றொரு நடிகைக்கு அவரை மணக்கவிருந்தவரே தம் ஈரலில் ஒரு பகுதியை அளித்து உயிர் காத்தார். அந்நிகழ்ச்சியைச் சிங்கப்பூர் மக்கள் இன்றும் மறக்கவில்லை.

இன்று பேசப்படும் ஊசி மருந்துகள் முற்றிலும் வேறு வழியில் பிறந்தவை. உணவு உண்டதும் குடலில் சுரந்து, கணையத்திற்கும் மூளைக்கும் செய்தி சொல்லும் ஜி.எல்.பி.-1 என்னும் இயக்குநீரை ஹாபெனர், மொய்சோவ், ஹோல்ஸ்ட் முதலியோர் 1980களில் கண்டறிந்து விளக்கினர். அது குருதியில் ஓரிரு நிமிடமே தங்கும்; எனவே மருந்தாகப் பயன்படாது. 1992 இல் நியூயார்க் நகரின் ஜான் எங், ஹீலா என்னும் பாலைவன நச்சுப் பல்லியின் நஞ்சில் அதனை ஒத்ததும் நெடுநேரம் நிலைப்பதுமான பொருளைக் கண்டார். அதன் அடிப்படையில் அமைந்த நீரிழிவு மருந்து 2005 இல் ஒப்புதல் பெற்றது. டென்மார்க்கில் லோட்டே நுட்சென் முதலியோரின் உழைப்பால் லிராகுளுடைடும், வாரம் ஒருமுறை போடத்தக்க செமாகுளுடைடும் உருவாயின. எடைக் குறைப்புக்கென 2021 இல் ‘வீகோவி’ என்னும் பெயரில் செமாகுளுடைடும், 2023 இல் ‘செப்பவுண்ட்’ என்னும் பெயரில் டிர்செபடைடும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன.

இவற்றின் ஆற்றல் முந்தைய மருந்துகளுக்கு இல்லாதது. 2021 இல் வெளியான ஆய்வில் 1,961 பேர் பங்கு கொண்டனர். 68 வாரத்தில் செமாகுளுடைடு பெற்றோர் சராசரியாக 14.9 விழுக்காடு எடை இழந்தனர். வெற்று ஊசி பெற்றோர் இழந்தது 2.4 விழுக்காடே. டிர்செபடைடின் உயர்ந்த அளவு 72 வாரத்தில் 20.9 விழுக்காட்டைக் குறைத்தது. மினசோட்டா இளைஞர் அரைப்பட்டினியில் இழந்த அளவை இஃது ஏறத்தாழ நெருங்குகிறது. மெலிந்த காலம் இங்கு நீண்டது என்பது உண்மையே. எனினும் முடியுதிர்வு நேர்ந்ததில் வியப்பில்லை.

இம்முறை ஒரு புதுமை நிகழ்ந்தது. மருந்தோடு தரப்படும் அறிவிப்புத் தாளிலேயே முடியுதிர்வு இடம் பெற்றது. செமாகுளுடைடு பெற்ற பெரியோரில் நூற்றுக்கு மூவருக்கும், வெற்று ஊசி பெற்றோரில் நூற்றுக்கு ஒருவருக்கும் முடி உதிர்ந்ததாக அத்தாள் கூறுகிறது. டிர்செபடைடின் தாள் மேலும் ஒரு படி சென்று, முடியுதிர்வு எடைக் குறைவோடு தொடர்புடையதாய் இருந்தது என்று எழுதுகிறது, பெண்களில் 7.1 விழுக்காட்டினருக்கும் ஆண்களில் 0.5 விழுக்காட்டினருக்கும் அது நேர்ந்ததாகப் பிரித்துக் காட்டுகிறது. பெண்களுக்கு இத்துணை மிகுதியாக நேர்ந்ததா, அல்லது நீண்ட கூந்தலுடையோர் உதிர்வை எளிதில் கண்டு கூறினரா என்பதை அவ்வெண்கள் மட்டும் சொல்லா. இரண்டும் கலந்திருத்தல் கூடும். வெற்று ஊசி பெற்ற பெண்களிலும் 1.3 விழுக்காட்டினர் முடியுதிர்வைக் கூறினர் என்பதும் கருதத்தக்கது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் இவ்வகை மருந்துகள் பற்றி வந்த முறையீடுகளில் முடியுதிர்வையும் ஆராய எடுத்துக்கொண்டதாக 2024 இன் தொடக்கத்தில் செய்தி வந்தது. ஆராய எடுத்துக்கொள்வது வேறு. குற்றம் உறுதியாவது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்கி அச்சத்தைப் பரப்பியோரும் உண்டு.

“மருந்தால் அன்று, மெலிவால்” என்னும் விடை இவ்வாறு பெரிதும் நிலைபெற்றுவிட்டது. ஆயினும் அவ்விடையைச் சொல்லும் முறையில் ஒரு நுண்ணிய பிழை மறைந்துள்ளது. மெலிவைத் தந்தது மருந்து அன்றோ? பசி அடங்கியதனால் உணவு குறைகிறது. உணவு குறையும்போது புரதமும் இரும்புச் சத்தும் குறைகின்றன. உயிர் காக்கும் உறுப்புகளுக்கு முதலிடம் தந்து உடல் முடியின் வளர்ச்சியை நிறுத்திவைக்கிறது. தைராய்டுத் தூள் முடியின் வளர்ச்சிச் சுழலை நேரே கெடுத்தது. இம்மருந்து சுற்றுவழியில் வந்து சேர்கிறது. மருத்துவருக்கு இவ்வேறுபாடு பெரிது. ஏனெனில் இந்த உதிர்வில் வேர் அழிவதில்லை. எடை ஒரு நிலையில் நின்று உணவும் சீரானால் பெரும்பாலும் ஆறு திங்களுக்குள் உதிர்வு அடங்கி, நெற்றி ஓரத்தில் குட்டை முடிகள் நிமிர்ந்து முளைக்கும்.

முளைத்த முடி திங்களுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். இடுப்பளவு தொங்கிய அறுபது சென்டிமீட்டர்க் கூந்தல் பழைய நீளத்தை எட்ட அறுபது திங்கள், அதாவது ஐந்து ஆண்டு, ஆகும். அறிவிப்புத் தாளில் இந்தக் கணக்கு இல்லை.